எழுபது பேர் எங்கே?

வேதபகுதி: எண்ணாகமம் 11:10–17



மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நெருங்குகிறது. அன்று சபைகளில் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாடல் பாடுவார்கள். வாலிபர் ஐக்கியத்தார் வாசலில் நின்று ஆளுக்கொரு ரோஜாப்பூ தருவார்கள். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். தாய் என்பவள் மெழுகுவர்த்தி, தன்னை உருக்கிப் பிறருக்கு வெளிச்சம் தருகிறவள் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சகோதரிகள் கண்கலங்கிக் கேட்பார்கள். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் அவசரமாக வீட்டுக்கு விரைவார்கள்; ஞாயிறு மதியச் சமையல் காத்திருக்குமே!

அந்த மெழுகுவர்த்தி உவமை எனக்கு உடன்பாடானதன்று. உருகி முடிந்த மெழுகுவர்த்தியைச் சுரண்டி எறிந்துவிட்டு வேறொன்றை ஏற்றுகிறோம். தேவன் தமக்குரிய ஒருவரையும் அவ்விதம் நடத்துவதாக வேதத்தில் நான் வாசித்ததில்லை. சுமந்து களைத்துப்போன ஒருவரை அவர் எப்படி நடத்தினார் என்பதற்கு எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு தெளிவான சாட்சி இருக்கிறது. அன்னையர் ஞாயிறன்று அந்தப் பகுதி வாசிக்கப்படுவது அரிது. அதில் வருகிறவர் ஓர் ஆண் என்பது காரணமாயிருக்கலாம்.

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் இறைச்சி கேட்டு அழுகிறார்கள். அவரவர் தம் கூடாரவாசலில் நின்று அழுவதை மோசே கேட்கிறார். மன்னா அலுத்துவிட்டது, எகிப்தில் தின்ற மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் நினைவுக்கு வருகின்றன. தட்டில் வைத்ததைத் தள்ளிவிட்டு வேறொன்று கேட்டு அழுகிற பிள்ளைகளைக் கண்ட எந்தத் தாய்க்கும் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை. அப்பொழுது மோசே கர்த்தரிடம் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். இந்த ஜனங்களையெல்லாம் நானா கருத்தரித்தேன், நானா பெற்றேன், பால்குடிக்கும் குழந்தையை மார்பில் அணைத்துச் சுமப்பதுபோல் இவர்களைச் சுமக்கச் சொல்கிறீரே என்கிறார். இவர்களை நான் ஒருவனாகச் சுமக்க முடியாது, பாரம் மிஞ்சிப்போயிற்று என்கிறார். அதோடு நிற்கவில்லை, இப்படியே என்னை நடத்துவதானால் கொன்றுபோடும் என்றும் கேட்கிறார்.

செங்கடல் பிளந்ததைத் தம் கண்ணால் கண்டவர், சீனாய் மலையில் தேவனோடு பேசியவர், தம் களைப்பைச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்காமல் ஒரு தாயின் வார்த்தைகளை எடுத்துக்கொள்கிறார்.

தேவன் என்ன மறுமொழி சொன்னார்? அவருடைய விசுவாசக் குறைவைக் கண்டித்தாரா? இன்னும் அதிகமாய் ஜெபம் பண்ணு என்றாரா? பொறுமையாய்ச் சுமப்பவனுக்குப் பரலோகத்தில் கிரீடம் உண்டு என்றாவது சொன்னாரா? இவற்றில் ஒன்றும் அங்கே இல்லை. ஜனத்தின் மூப்பரில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். உன்மேல் இருக்கிற ஆவியில் எடுத்து அவர்கள்மேலும் வைப்பேன். நீ ஒருவனாய்ச் சுமக்காதபடி அவர்கள் உன்னோடே சேர்ந்து சுமப்பார்கள் என்பதே 17-ஆம் வசனத்தின் வாக்கு. களைத்தவருக்குத் தேவன் கொடுத்தது புகழுரையன்று, ஆள்துணை.

தாய்மார்களே, உங்களுக்கு நான் முதலாவது சொல்ல விரும்புவது இதுதான். இரவில் விளக்கணைத்த பின்பு, இனி என்னால் முடியாது ஆண்டவரே என்று நீங்கள் சொல்லியிருந்தால், அது அவிசுவாசத்தின் வார்த்தை அன்று. அதே வார்த்தையை மோசே உங்களுக்கு முன்னமே சொல்லியிருக்கிறார்; கர்த்தர் கோபங்கொள்ளாமல் அதைக் கேட்டார். அந்த அதிகாரத்தில் அவருடைய கோபம் மூளுகிறது, உண்மைதான். ஆனால் அது இறைச்சிக்காக அழுத ஜனத்தின்மேல் மூண்டதேயன்றி, சுமந்து சோர்ந்தவர்மேல் அன்று.

இனிமேல் சொல்லப்போவது சபை முழுவதற்கும் உரியது. எழுபது பேர் யார் என்ற கேள்வி நம் எல்லாரையும் நோக்கி வருகிறது.

இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டைக் குறித்து ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள் என்று அது கூறிற்று. அதாவது ஏறத்தாழ 5 மணி நேரம். அத்தகைய வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடங்கள். விசுவாசிகளின் வீடுகள் இந்தக் கணக்குக்கு விலக்கு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ பனியன் கம்பெனியிலோ முழுநாள் வேலை செய்து திரும்பும் சகோதரியும் செருப்பைக் கழற்றியவுடன் அடுப்பைத்தான் பற்றவைக்கிறாள். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியவுடன் என்ன செய்கிறார் என்பதை எழுத வேண்டியதில்லை.

அப்படியானால் நீதிமொழிகள் 31 என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இருட்டோடே எழுந்திருக்கிறாள், இரவிலும் அவள் விளக்கு அணையாது என்று அந்தக் குணசாலியான ஸ்திரீயைக் குறித்து எழுதியிருக்கிறதே! எத்தனையோ சகோதரிகள் அந்த வசனங்களைக் கேட்டுத் தங்களை நொந்துகொள்கிறார்கள் என்பதை அறிவேன். ஆகையால் அதைச் சற்று நிதானமாய் வாசிப்போம்.

10-ஆம் வசனம் முதல் 31 வரை மொத்தம் 22 வசனங்கள். எபிரெய மொழியின் 22 எழுத்துகளின் வரிசையில் ஒவ்வொரு வசனமும் தொடங்குகிறது. நம் ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் செல்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அகர வரிசையில் அமைந்த பாட்டு ஒரு நாளின் கால அட்டவணையாக இருக்க முடியாது. நிலத்தை வாங்குவதும், திராட்சத்தோட்டம் நாட்டுவதும், வஸ்திரம் நெய்து விற்பதும், பிள்ளைகள் எழுந்து நின்று பாக்கியவதி என்று சொல்லுமளவுக்கு வளர்வதும் ஒரு வாழ்நாளின் கதை. அதை ஒரு திங்கட்கிழமைக்குள் அடைத்துவிட்டு, நான் தேறவில்லையே என்று அழுவது அந்தப் பாட்டுக்குச் செய்யும் அநீதி.

15-ஆம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். இருட்டோடே எழுந்தவள் தன் வீட்டாருக்கு ஆகாரம் கொடுத்ததோடு, தன் வேலைக்காரிகளுக்கும் படியளக்கிறாள். வேலைக்காரிகள், பன்மையில்! அந்த வீட்டில் கைகள் பல இருந்தன. பிரசங்கங்களில் அந்த வேலைக்காரிகள் எப்படியோ காணாமற்போய்விடுகிறார்கள். அவர்களுடைய வேலையெல்லாம் அந்த ஒருத்தியின் தலைமேல் ஏறிவிடுகிறது.

மேலும் அந்த அதிகாரத்தின் முதல் வசனம், இது லேமுவேல் என்னும் ராஜாவுக்கு அவன் தாய் உபதேசித்தது என்கிறது. தாய் மகனுக்குச் சொன்ன உபதேசத்தோடு சேர்ந்து வருகிற பாட்டை, நாம் மகன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்கள் ஐக்கியத்தில் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதன் கடைசி வசனத்தில் வரும் கட்டளையும் அவளுக்குரியதன்று. அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள் என்று சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லப்படுகிறது. பார்வோனின் குமாரத்தி மோசேயின் தாயிடம் குழந்தையை ஒப்புவித்தபோது, பால் கொடுத்து வளர்ப்பதற்குச் சம்பளம் தருவேன் என்றாளே (யாத்திராகமம் 2:9), அது என் மனதைவிட்டு நீங்காத வசனம். பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் ஒரு வேலை என்று அறிந்திருந்தவள் ஒரு புறஜாதி ராஜகுமாரி.

இனி சரீரத்தைக் குறித்துச் சில வார்த்தைகள். இதைப் பிரசங்கபீடத்தில் பேசச் சிலர் தயங்குவார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ப் படுத்துச் சாகவேண்டுமென்று கோரியபோது, தேவதூதன் அவருக்கு வசனப் பாடம் எடுக்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறை எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி, மறுபடியும் சாப்பிடச் செய்தான். இரண்டு முறை தூக்கம், இரண்டு முறை ஆகாரம், அதற்குப் பின்பே ஓரேப் மலை, அதற்கும் பின்பே தேவனுடைய கேள்வி.

நம் வீடுகளில் தாய் கடைசியில் சாப்பிடுகிறாள். குழம்பில் மீன் துண்டு தீர்ந்து, முருங்கைக்காய் தீர்ந்து, மிஞ்சியதை வழித்து ஊற்றிக்கொண்டு, அதையும் நின்றுகொண்டே முடிக்கிறாள். இதைத் தியாகம் என்கிறோம். தேசியக் குடும்பநல ஆய்வு இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறது. 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. நம் ஆலயத்தில் இடதுபக்கம் அமர்ந்திருக்கும் அந்த வயதுச் சகோதரிகளில் பாதிப்பேர் என்று எண்ணிப் பாருங்கள். படியேறினால் மூச்சுவாங்குவது, எழுந்தால் கண் இருட்டுவது, காரணமில்லாத எரிச்சல், ஜெபிக்க முழங்காலிட்டவுடன் தூக்கம் வருவது ஆகியவற்றை ஆவிக்குரிய சோம்பல் என்று நீங்கள் அறிக்கையிட்டுக்கொண்டிருக்கலாம். அது ஹீமோகுளோபின் குறைவாகவும் இருக்கலாமல்லவா? கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையக்கூடாது, கர்ப்பிணிக்கு 11. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லாமல் பார்த்துச் சொல்வார்கள்; இரும்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். அந்த மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது.

இதே காரணத்தினால் உபவாசத்தைக் குறித்தும் என் கருத்தைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். சிலருக்கு இது பிடிக்காமற்போகலாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் கர்ப்பவதிகள் உண்டு, பால்கொடுக்கும் தாய்மார் உண்டு, சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் உண்டு. காலையில் வீட்டாருக்கெல்லாம் சமைத்துவைத்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்து அமர்கிறார்கள். அருமையான சகோதரிகளே, உங்கள் வாஞ்சையைக் கர்த்தர் அறிவார். ஆயினும் இந்நிலையில் இருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள். அந்த ஜெபம் ஒரு படியும் தாழ்ந்ததன்று. ஏசாயா 58-இல் தேவன் தமக்கு உகந்த உபவாசம் இன்னதென்று சொல்லும்போது, நுகத்தின் கட்டுகளை அவிழ்ப்பதையும் பாரமான சுமைகளை இறக்குவதையும் முதலில் வைக்கிறார். ஆகவே குடும்பத்துக்காக ஒருவர் உபவாசிக்கத்தான் வேண்டுமென்றால், திடகாத்திரமான தகப்பன்மார் உபவாசித்துக்கொண்டு சமையலையும் செய்யலாம். இரண்டு விதத்திலும் அது வேதத்துக்கு ஒத்ததாயிருக்கும்.

சரீரக் களைப்புக்கு அப்பால் இன்னொரு இருள் உண்டு. பிள்ளை பெற்ற சில நாள்களில் காரணம் தெரியாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கும் நேரிடும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது தானாக நீங்கிவிடும். நீங்காமல் தொடர்ந்தால், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமற்போனால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், அது நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனநலக் குறைவு, முக்கியமாக மனச்சோர்வு, ஏற்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சபையில் இந்த ஆண்டு பிறந்த குழந்தைகளை எண்ணி, அதை ஐந்தால் வகுத்துப் பாருங்கள்.

இத்தகைய தாயிடம் நாம் சொல்வது என்ன? குழந்தை வரம் கேட்டு எத்தனை பேர் ஏங்குகிறார்கள், உனக்குக் கொடுத்தும் அழுகிறாயே என்கிறோம். ஜெபம் குறைந்துவிட்டது என்கிறோம். பிசாசின் போராட்டம் என்று சொல்லி எண்ணெய் பூசச் சொல்கிறவர்களும் உண்டு. எண்ணெய் பூசி ஜெபிப்பது வேதம் சொன்னதுதான். ஆனால் மருத்துவரிடம் போகாதபடி வாசலை அடைப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. செத்துப்போகலாம் என்றோ குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றோ ஒரு தாய் சொன்னால், அவளை ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை இப்பொழுதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

தாயின் சரீரத்தைக் கவனிப்பது உலகப்பிரகாரமான காரியம் என்று யாராவது நினைத்தால், வேலூரை நினைத்துக்கொள்ளட்டும். நோயுற்ற தன் தாயைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஓர் இரவில் மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தினால் அவள் தகப்பனாரை ஏற்கவில்லை. அவளுக்கோ மருத்துவம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. ஊழியத்துக்கு வரமாட்டேன் என்று உறுதியாயிருந்தவள் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய சிறு மருந்தகமே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும். மூன்று தாய்மாரின் மரணத்துக்கு அவர் இரங்கற்பா எழுதவில்லை. மற்றத் தாய்மார் சாகாதபடி செய்தார்.

நாம் கொண்டாடப்போகும் அன்னையர் ஞாயிற்றின் தொடக்கமும் இதற்குத் தொலைவானதன்று. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற மெதடிஸ்ட் சபைப் பெண் வாழ்ந்தார். பெற்ற பிள்ளைகளில் பலரை நோய்க்குப் பறிகொடுத்தவர். 1850-களில் அவர் ஊர் ஊராகத் தாய்மார் பணிச் சங்கங்களை ஏற்படுத்தினார். அந்தச் சங்கத்தார் மருந்து வாங்கப் பணம் திரட்டினார்கள், குழந்தைகளுக்கு வரும் பால் சுத்தமா என்று பார்த்தார்கள், காசநோயால் படுத்துவிட்ட தாய்மாரின் வீடுகளுக்கு வேலைசெய்ய ஆள் அமர்த்திக்கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை வாசியுங்கள். எழுபது பேரின் ஊழியம் அதுதான். அவர் மறைந்தபின், மகள் அன்னா 1908 மே 10 அன்று கிராஃப்டன் நகரில் தாய் கற்பித்துவந்த ஆலயத்தில் நினைவு ஆராதனை ஒழுங்குசெய்து, 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பினார். 1914-இல் அது அந்நாட்டின் தேசிய நாளாயிற்று. பிற்காலத்தில் பூ வியாபாரமும் வாழ்த்து அட்டை வியாபாரமும் அந்த நாளை விழுங்கியதைக் கண்டு அதே அன்னா மனம் கசந்து எதிர்த்துப் போராடினார். பூ மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. பணிச் சங்கம் வழியிலேயே தங்கிவிட்டது.

கணவன்மாரே, எழுபது பேரில் முதலாவது பெயர் உங்களுடையது. உதவி செய்கிறேன் என்ற சொல்லை வீட்டில் விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளையை நீங்கள் குளிப்பாட்டுவது யாருக்குச் செய்யும் உதவி? மாமியார்மாரே, யாத்திராகமம் 18-ஐ வாசித்துப் பாருங்கள். காலை முதல் மாலை வரை மோசே தனியாக உழைப்பதைப் பார்த்து, நீ செய்வது நல்லதல்ல, களைத்துப்போவாய் என்று முதலில் சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ. நாங்கள் அந்தக் காலத்தில் இதைவிடக் கஷ்டப்பட்டோம் என்று அவர் சொல்லவில்லை.

கணவனை இழந்தவர்களும், கணவன் வெளிநாட்டில் இருப்பவர்களும், விட்டுச்செல்லப்பட்டவர்களும் நம் நடுவில் தாய்மாராக இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த எழுபதில் ஒருவர்கூட இல்லையே ஐயா என்று அவர்கள் கேட்டால், சபை கைகாட்ட வேண்டியது தன்னைத்தான். ஒரு வாரம் சமைத்த சாப்பாடு, பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்துவர ஒரு ஸ்கூட்டர், இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை: இவற்றுக்கு ஆவியின் வரம் வேண்டுமா என்றால், வேண்டும். அந்த எழுபது பேர்மேலும் ஆவியை வைத்த பின்பே சுமக்கச் சொன்னார்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். மோசே வாயைத் திறந்து கேட்டார். நீங்களும் கேளுங்கள். யாரிடமும் சொல்லாமல் சுமந்துவிட்டு, ஒருவருக்கும் தெரியவில்லையே என்று உள்ளே கசந்துபோகாதீர்கள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் இருந்தால் என் துணைவியாரிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

மே இரண்டாம் ஞாயிறு நம் சபையில் ரோஜாப்பூ வழக்கம்போல் உண்டு. அதோடு, அன்றைய மதிய உணவை ஆண்கள் ஐக்கியத்தார் ஆலய வளாகத்தில் சமைப்பார்கள். சாம்பாரும் கோழிக்குழம்பும் என்று முடிவாகியிருக்கிறது. தாய்மார் உட்கார்ந்து, முதல் பந்தியில், சூடாகச் சாப்பிட வேண்டும். அடுத்த நாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல விரும்புகிறவர்களை அழைத்துப்போக இரண்டு கார்கள் வரும். பாத்திரம் கழுவுவோர் பட்டியல் சபை அலுவலக மேசையில் இருக்கிறது. இதுவரை மூன்று பெயர்களே எழுதப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று என்னுடையது.